ஸ்டேட்டஸா, கட்டுரையா? ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்கு எது?

“காலையில் ஆட்டிய நல்லெண்ணெய்” என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டால் மதியத்துக்குள் நாலு லிட்டர் போய்விடும். ஆனால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நம் நம்பரை சேவ் செய்தவர் கண்ணில்தான் படும். அதாவது, பெரும்பாலும் ஏற்கெனவே வாங்குகிறவர்.

சொந்த இணையதளத்தில் எழுதும் கட்டுரை வேறு ரகம். பாட்டில் அடியில் மண்டியைப் பார்த்து ‘கலப்படமோ?’ என்று பயந்து கூகுளில் தேடுகிறவரை நமக்குத் தெரியவே தெரியாது. வடிகட்டிய பிறகும் மிஞ்சும் எள்ளின் நுண்துகள்தான் அது என்று படத்தோடு எழுதி வைத்தால், அடுத்த வருஷமும் அவர் கண்ணில் படும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். (விலையை மட்டும் அதில் எழுதாதீர்கள், எள் விலை ஏறியதும் பழைய விலையைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள்.)

தீபாவளிக்கு இரண்டே நாள் இருந்தால் ஸ்டேட்டஸ். மற்ற நாளில் என் ஓட்டு கட்டுரைக்குத்தான்.