காற்றுக்குக் குறையில்லை, அந்தச் சிவப்பு விளக்குதான்

இஆர்வி, அதாவது வெளிக்காற்றை உள்ளே எடுத்து உள்காற்றை வெளியே அனுப்பும் காற்றோட்டப் பெட்டி, விலை இறங்கியிருக்கிறதாம். "அண்ணே, உங்க வீட்டுல ஓடுறது இதுதானே, வாங்கலாமா?" என்று நண்பர் படம் அனுப்பிக் கேட்கிறார். அதே மாடல்தான். எனக்கு அதன்மேல் இருக்கும் கடுப்பு வாட்ஸ்அப்பில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். சிங்கப்பூர் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் நாம் மாட்டும் ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறைக்குள் இருப்பதையே குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் தூங்கினால், விடியும்போது என் மீட்டரில் கரியமில வாயு 2,000 பிபிஎம்மைத் தாண்டியிருக்கும். வெளியே ஏறக்குறைய 420தான். பெட்டி ஓடினால் 900க்குள் நிற்கிறது. ஏர்கான் கட்டடங்களின் உட்புறக் காற்றுக்கான சிங்கப்பூரின் எஸ்எஸ் 554 தரநிலை, வெளிக்காற்றைவிட 700க்கு மேல் கூடக்கூடாது என்கிறது. அந்தக் கணக்கில் தாராளமாகத் தேறுகிறது. காலையில் இருந்த தலைபாரமும் இல்லை.

வெப்பத்தை மட்டும் கைமாற்றும் எச்ஆர்வி பக்கம் போகாதீர்கள். நம் ஊரில் சூட்டைவிட ஈரம்தான் தொல்லை. இஆர்வி, உள்ளே வரும் காற்றின் ஈரத்தில் ஒரு பங்கை வெளியே போகும் காற்றிடம் தள்ளிவிடும். ஒரு பங்கைத்தான், முழுவதையும் அல்ல. மழை நாளில் ஏர்கானுக்கு வேலை கூடத்தான் செய்யும். குழாய்க்காகச் சுவரைத் துளைக்கவில்லை. சன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு அக்ரிலிக் பலகை போட்டாயிற்று.

இனி அந்த விளக்கு. 'ஃபில்டரை மாற்று' என்று சிவப்பாக எரியுமே, அது அழுக்கைப் பார்த்து எரிவதே இல்லை! ஓடிய மணிநேரத்தை எண்ணுகிறது, அவ்வளவுதான். டிசம்பர் மழையில் வெளிக்காற்று சுத்தமாக இருக்கும், கழற்றிப் பார்த்தால் ஃபில்டர் வெள்ளையாகவே இருக்கும், விளக்கு மட்டும் சிவப்பு. புகைமூட்டம் வந்தபோது ஃபில்டர் கன்னங்கரேல் என்றிருந்தது, விளக்கு பச்சை. 2013 ஜூனில் காற்றுமாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401 வரை ஏறியதைப் பார்த்தவன் நான். அப்படியொரு நாளிலும் இது பச்சையாகவே சிரிக்கும். சிவப்பாகிவிட்டால் போதும், சுவிட்சைப் போடும்போதெல்லாம் பீப், பீப். அசல் ஃபில்டர் 90 வெள்ளி. பழுது பார்க்க வந்த தம்பியிடம் கேட்டால், "செட்டிங்கே அப்படித்தான் அங்கிள்" என்கிறார். ஃபில்டர் அடைத்துக்கொண்டதை அழுத்த வேறுபாட்டைப் பார்த்துச் சொல்லும் சென்சார் ஒன்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

நெடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழே வழிபாட்டுக் காகிதம் எரித்தால் சாம்பல் ஃபில்டரில் நின்றுவிடும், வாசனை நேரே படுக்கைக்கு வரும். உள்ளே இருக்கும் மெல்லிய கரிப் படலத்தை நம்பவேண்டாம், அந்த நேரத்தில் பெட்டியை நிறுத்திவிடுங்கள்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் போடுவேன். நண்பருக்கும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். மகள் அறைக்கு மட்டும் இந்த விலையில் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.