காசா முற்றுகை: பெரிய கப்பலா, சிறு படகுகளா?

இஸ்ரேலின் கடல் முற்றுகையை மீறிக் காசாவுக்கு நிவாரணம் கொண்டுபோக ஆர்வலர்கள் இரண்டு வழியிலும் முயன்றிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்ப்போம்.

சரக்கு: 2010-இல் மாவி மர்மரா என்ற பெரிய பயணிகள் கப்பல் உள்ளிட்ட 6 கப்பல்களில் சுமார் 10,000 டன். 2025-இல் சுமுத் என்ற ஆர்வலர் படகு அணியில் 40-க்கும் மேற்பட்ட படகுகள், ஏற்றியதோ பேருக்குத்தான்.

ஆபத்து: மாவி மர்மராவில் இஸ்ரேலியக் கமாண்டோக்கள் இறங்கியதில் 9 ஆர்வலர்கள் இறந்தனர், கோமாவில் கிடந்த பத்தாமவர் 2014-இல் இறந்தார். 2025 அக்டோபரில் படகுகளை மடக்கியபோது உயிர்ச்சேதமில்லை.

தடுப்பது: பெரிய கப்பலைச் சீக்கிரம் பிடித்துவிடலாம். சிதறிவந்த படகுகளில் கடைசியைப் பிடிக்க அக்டோபர் 3 ஆகிவிட்டது. (2008-இல் இரண்டு சிறு படகுகள் காசாவையே தொட்டன!)

பலன்: 2010 மரணங்களுக்குப்பின் இஸ்ரேல் தரைவழிக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. 2025-இல் படகுகளை மடக்கியதை எதிர்த்து இத்தாலியில் வேலைநிறுத்தமே நடந்தது.

சரி, எது? உலகின் கவனம் வேண்டுமென்றால் சிறு படகுகள். மாவு மூட்டை போய்ச்சேர வேண்டுமென்றால் இரண்டுமே உதவாது. தரைவழி லாரிதான், அதற்கும் இஸ்ரேல் வழிவிட வேண்டும்.