வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பார்க்க 20-வது வார ஸ்கேனா, 32-வது வார ஸ்கேனா?

சிறுநீரகமே உருவாகாதது, பனிக்குட நீர் வற்றுவது, ஆண் குழந்தைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்து சிறுநீர்ப்பை சாவித்துளை போல வீங்குவது: இவற்றைப் பல நேரங்களில் 20-வது வார ஸ்கேனே காட்டிவிடும். அதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

ஆனால் சிறுநீரகத்தில் நீர் கோத்திருந்தால் அது மட்டும் போதாது. சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் பையின் அகலம் 28 வாரத்துக்கு முன் 4 மி.மீ.க்குள், பிறகு 7 மி.மீ.க்குள் இருந்தால் இயல்பு. ரிப்போர்ட்டில் '5 மி.மீ.' என்று பார்த்துத் தூக்கம் தொலைத்த தாய்க்கு 32-வது வார ஸ்கேன்தான் பதில் சொல்லும். பலருக்கு வீக்கம் தானாகவே வடிந்திருக்கும்; சிலருக்குக் கூடியிருக்கும். முதலில் சரியாக இருந்து, பிறகு வீங்குவதும் உண்டு.

ஒன்றுதான் என்றால் என் தேர்வு 20-வது வாரம். வீக்கம் தெரிந்தவர்கள் இரண்டாவதையும் தவறவிடக்கூடாது.

வீக்கம் தொடர்ந்தால் பிறந்த பிறகும் ஸ்கேன் தேவை. முதல் 48 மணி நேரத்தில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகச் சுரப்பதால், அப்போது வீக்கம் சிறிதாகத் தெரிந்து ஏமாற்றலாம்.