துணி டயப்பர்: கவரைப் பார்க்காதீர்கள், இன்சர்ட்டைப் பாருங்கள்

மூத்தவளுக்கு வாங்கிய துணி டயப்பர்களைத்தான் இப்போது இளையவனுக்கும் போடுகிறோம். இரண்டு பிள்ளைகளுக்குப் பயன்படுத்திய பிறகு உறுதியாகச் சொல்வேன்: வாங்கும்போது எல்லாரும் பூப்போட்ட கவரைப் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே வைக்கும் இன்சர்ட்டைத்தான்.

பெரும்பாலான கவர்கள் பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பாலியஸ்டர் துணிதான். ஈரம் வெளியே வராமல் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. சிறுநீரைப் பிடித்து வைப்பது இன்சர்ட். மைக்ரோஃபைபர் சட்டென்று உறிஞ்சும், சீக்கிரம் காயும். ஆனால் குழந்தை அழுந்தி உட்கார்ந்தால் உறிஞ்சியதை அப்படியே வெளியே விட்டுவிடும். தோலில் நேரடியாகப் படவும் கூடாது, தோலை வறள வைக்கும். பருத்தியும் ஹெம்ப்பும் (ஒரு செடியின் நாரில் நெய்த துணி) மெதுவாக உறிஞ்சும், பிடித்ததை எளிதில் விடாது. காயத்தான் நேரமாகும். எங்கள் வீட்டில் பகலுக்குப் பருத்தி. இரவில் மேலே பருத்தி, அடியில் ஹெம்ப். புதுப் பருத்தி, ஹெம்ப் இன்சர்ட்டைப் பல முறை துவைத்த பிறகுதான் முழுசாக உறிஞ்சும். முதல் நாளே ஒழுகுகிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம், துவைப்பது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும்வரை மலம் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். திட உணவு தொடங்கியதும் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, அலசி, காற்றோட்டமான கூடையில் போட்டு வைக்கிறோம். நாள் முழுக்க ஊற வைத்தால் நாற்றம் கூடும், எலாஸ்டிக்கும் கெடும். மெஷினில் முதலில் வெறும் தண்ணீரில் ஒரு சுற்று, பிறகு பவுடர் போட்டு 60 டிகிரியில் முழுச் சுற்று. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கூடவே கூடாது. இழைகளின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும். புண்ணுக்குப் போடும் ஜிங்க் கிரீமும் அப்படித்தான் படியும், அந்த நாட்களில் தோலுக்கும் டயப்பருக்கும் நடுவே ஒரு லைனர் (மெல்லிய விரிப்பு) வையுங்கள். காலையில் கழற்றும்போது கண்ணை எரிக்கும் அமோனியா நெடி வந்தால், பவுடர் போதவில்லை, அல்லது மெஷினை அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறீர்கள், இல்லையென்றால் தண்ணீர் உப்புத் தண்ணீர். மஞ்சள் கறைக்கு வெயிலை மிஞ்சிய மருந்தில்லை.

துணி கட்டினால் புண்ணே வராது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் கடை டயப்பரில் ஈரத்தை இழுத்து வைக்கும் ஜெல் இருக்கிறது, துணியில் அது இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். மலம் போனால் உடனே. நீண்ட பயணங்களில் நாங்களும் கடை டயப்பர்தான் போடுகிறோம், அதில் தவறொன்றும் இல்லை.

குப்பை குறைந்ததில் எனக்குப் பெரிய நிறைவு. ஆனால் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு நன்மை என்பது துவைக்கும் விதத்தைப் பொறுத்தது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: மெஷின் நிறையத் துணி போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் சராசரியாகத் துவைத்துப் பயன்படுத்துவதைவிடத் துணி டயப்பரின் கார்பன் பாதிப்பு சுமார் 40 சதவீதம் குறையும். சூடான டிரையரைத் தவிர்த்தால் கவரின் படலமும் நீடிக்கும்.

எங்களுடையதில் பட்டன்கள் இன்னும் உறுதியாக இருக்கின்றன. தொடைப் பக்கத்து எலாஸ்டிக் மட்டும் சிலவற்றில் தளர்ந்து, தையல் பிரித்து மாற்றினோம். யாரிடமாவது பழையது வாங்குவதாக இருந்தால் முதலில் அந்த எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். பிறகு கவரை வெளிச்சத்தில் பிடித்து, படலம் எங்காவது உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிந்திருந்தால் வாங்க வேண்டாம்.