நெபோமக், சாலிட், கார்டுடாவ்: நம் தரவு எங்கே இருக்க வேண்டும்?

நண்பரின் ஈமெயில் முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்த வேண்டும். மெயில், காலெண்டர், நோட்ஸ் எல்லாவற்றிலும் அது மாறிவிட வேண்டும். அவர் அனுப்பிய ஃபைலும் அவரோடு உள்ள மீட்டிங்கும் அவர் பெயரோடு கோத்திருக்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான். இதற்கு மூன்று வழிகள் வந்தன.

ஆசை பெரிதாக இருந்தது நெபோமக்கில். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு 2006 முதல் 2008 வரை நடந்த ஆய்வுத் திட்டம் அது. லினக்ஸில் ஓடும் கேடிஇ 4 என்ற டெஸ்க்டாப் சூழலுக்குள் வந்து சேர்ந்தது. ஆள், ஃபைல், மெயில் எல்லாவற்றையும் உறவுகளாக, 'எது, என்ன உறவு, எதோடு' என்று எழுதும் ஆர்டிஎஃப் முறையில் ஒரே கிடங்கில் எழுதி வைத்தது. ஃபைல்களைக் காட்டும் டால்ஃபினில் ஒரு படத்துக்கு டேக் (அடையாளச் சொல்) போட்டால் படம் பார்க்கும் க்வென்வியூவிலும் அதே டேக் தெரியும். ஆனால் அந்தக் கிடங்கைச் சுமக்க சாதாரணக் கணினிக்குத் தெம்பில்லை. தேடலுக்காக ஃபைல்களைப் பட்டியலிடும் இண்டெக்ஸ் ஓடத் தொடங்கினால் மெஷின் திணறுகிறது என்ற புகார் கடைசிவரை ஓயவில்லை. 2014-ல் கேடிஇ 4.13-ல் அதன் இடத்துக்கு பாலூ என்ற தேடல் கருவி வந்தது. பாலூ டேக்கை ஃபைலின் பண்புகளிலேயே எழுதுகிறது, கிடங்கு அழிந்தாலும் டேக் பிழைக்கும். நல்ல மாற்றம். ஆனால் மெயில், ஆள், ஃபைல் என்று குறுக்கே ஓடிய இழைகள் நெபோமக்கோடு போயின. அந்த இழப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது.

வேர்ல்ட் வைட் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ தொடங்கிய சாலிட் கிடங்கை இணையத்துக்குக் கொண்டுபோகிறது. தரவு 'பாட்' என்ற உங்கள் சொந்தச் சேமிப்பிடத்தில் இருக்கும்; செயலிகள் அனுமதி கேட்டு வரும், பிடிக்காவிட்டால் வெளியேற்றலாம். மூன்றிலும் நேர்மையான அமைப்பு இதுதான் என்பேன். சிக்கல் சொற்களில் இருக்கிறது. ஒரு செயலி ஒருவரின் பெயரை, ஆட்களை விவரிக்கும் ஃபோஃப் சொல்தொகுதியின் 'நேம்' என்று எழுதும். இன்னொன்று அதே பெயரை, தொடர்பு விவரங்களுக்கான விகார்டு சொல்தொகுதியின் 'எஃப்என்' என்று தேடும். தரவு கண்முன்னே இருந்தும் இரண்டாவது செயலிக்கு அது வெற்றுப் பக்கம். தேடலும் பலவீனம்: பாட் முழுவதையும் ஒரே கேள்வியில் அலசும் வசதி பொதுத் தரத்தில் இல்லை.

கார்டுடாவ், கால்டாவ் இரண்டும் இந்த ஆசையையே வைத்துக்கொள்ளவில்லை. கருவிகளுக்கிடையே ஒத்திசைக்கும் பொது நெறிமுறைகள் இவை: கார்டுடாவ் தொடர்புகளுக்கு, கால்டாவ் காலெண்டருக்கு. ஒவ்வொன்றுக்கும் வடிவம் ஒன்றே, எல்லோரும் ஒப்புக்கொண்டது. போனில் திருத்தினால் கணினியில் உள்ள தண்டர்பேர்ட் மெயில் செயலியிலும் மாறுகிறது. ஆனால் மீட்டிங்குக்கு வருபவர் அதில் வெறும் மெயில் முகவரிதான். அட்ரஸ் புக்கில் முகவரியை மாற்றுங்கள், பழைய மீட்டிங்குகளில் பழையதே நிற்கும். அங்கே இருப்பது இணைப்பு அல்ல, நகல்.

இன்று யாராவது கேட்டால் கார்டுடாவ், கால்டாவைத்தான் சொல்வேன். முடிந்தால் நெக்ஸ்ட்கிளவுட் அல்லது ராடிகேல் மென்பொருள் ஓடும் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செயலி எழுதுபவர்களுக்கு சாலிட்டைச் சொல்வேன். ஒருவரையொருவர் அறியாத இருவர் எழுதிய காண்டாக்ட் செயலிகள் ஒரே 'பாட்' சேமிப்பிடத்தில் தகராறில்லாமல் வாசித்து எழுதட்டும், அன்றைக்கே என் அட்ரஸ் புக்கை அங்கே மாற்றிவிடுவேன்.