ஸ்பாஞ்சா, பேப்பரா, ஆயில் கிண்ணமா? செம்மண் கொல்லை இன்ஜினுக்கு எது தோது

பாலக்கோடு பக்கம் தக்காளிக் கொல்லையில் களையெடுக்கும் பவர் வீடர், காவேரிப்பட்டணத்து மாந்தோப்பில் மருந்தடிக்கும் ஸ்பிரேயர், கரண்ட் போனால் கடைவாசலில் கத்தும் ஜெனரேட்டர். மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே வகை நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின்தான். ஆனால் அவை இழுக்கும் தூசி ஒன்றல்ல. அதனால் எந்த ஏர் ஃபில்டர் நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. வண்டி எங்கே ஓடுகிறது என்று முதலில் சொல்ல வேண்டும்.

பேப்பர் ஃபில்டர் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும். அந்த விஷயத்தில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் கழுவக் கூடாது, எண்ணெய் படக் கூடாது. தட்டி உதறலாம், காற்றடித்தால் உள்பக்கத்திலிருந்து வெளியே, அதுவும் 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல். பஞ்சர் கடை கம்ப்ரசரை முழு வேகத்தில் வைத்து அடித்தால் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். அப்புறம் அது ஃபில்டர் இல்லை, அலங்காரம். உள்ளே பல்பு வைத்துப் பார்த்தால் ஓட்டை காட்டிக் கொடுத்துவிடும். கடைவாசல் ஜெனரேட்டருக்கு இது போதும். புழுதி உழவுக்கு வேண்டாம், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கொல்லையில் ஓடும் வீடருக்கு என் ஓட்டு ஸ்பாஞ்சுக்குத்தான். ஒரு நிபந்தனை: எண்ணெய் போட்ட ஸ்பாஞ்சாக இருக்க வேண்டும். தூசியைப் பிடிப்பதே அந்த எண்ணெய்ப் பிசுக்குதான். நம்ம ஊரில் பாதிப் பேர் கழுவிக் காயவைத்து அப்படியே மாட்டிவிடுகிறார்கள், செம்மண் பாதி அதன் வழியாகவே உள்ளே போய்விடும். சோப்புத்தூள் கலந்த வெதுவெதுப்பான நீரில் கசக்கி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு சுத்தமான இன்ஜின் ஆயிலில் நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மிச்ச எண்ணெயை எல்லாம் பிழிந்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட மாட்டினால் ஸ்டார்ட் செய்ததும் புகை கக்கும். 50 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று கையேட்டில் போட்டிருப்பது சாதாரண இடத்துக்கு. மழை பெய்யாத மாதத்தில் உழுதால் அன்றாடம் மூடியைத் திறந்து பார்ப்பதே சரி.

ஆயில் கிண்ணம் வைத்த ஃபில்டர் புழுதிக்கு ராஜாதான், வாங்கிப் போடவும் எதுவும் இல்லை. குறிப்புக் கோடு வரை ஆயில் ஊற்றினால் ஆயிற்று. கிணற்றடியில் அசையாமல் நிற்கும் பம்ப் இன்ஜினுக்கும் மருந்தடிக்கும் செட்டுக்கும் இதைவிடத் தோதானது இல்லை. கத்தியில் சுற்றிய கொடியை எடுக்க வீடரைச் சாய்த்தால்தான் வினை. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டருக்குள் ஆயில் இறங்கிவிடும்.

இன்னொரு போட்டி கார்ப்பரேட்டரில். கழற்றிச் சுத்தம் செய்வதா, புதுசு மாட்டுவதா? மா பூக்கும் தை, மாசியில் ஸ்பிரேயரை எடுப்பார்கள், காய் இறங்கியதும் மூலையில் தள்ளிவிடுவார்கள். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகிவிடும். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு, அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்ப்பரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருப்பது அதனால்தான். அடுத்த தையில், "அண்ணா, சோக் போட்டாத்தான் ஓடுது, எடுத்தா நின்னுபோகுது" என்று மெக்கானிக்கிடம் வந்து நிற்பார்கள். சோக் காற்றைக் குறைக்கும் லிவர். பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட் அடைத்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டாம். பிளக் கரியாக இருந்தால் கதை வேறு, முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் அதிகமாகி அப்படித்தான் கறுக்கும்.

புது கார்ப்பரேட்டர் வாங்கச் சொல்கிற பலர், பழையதில் மெயின் ஜெட்டை மட்டும் ஊதிவிட்டு "சரியாகலை" என்று கைவிட்டவர்கள். சின்ன ஜெட் ஒன்று ஒளிந்திருக்கும். ஹோண்டா ஜிஎக்ஸ்160 மாதிரி இன்ஜின்களில் ஐட்லிங் திருகைக் கழற்றினால் அதன் கீழே கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு குச்சி தெரியும். சின்ன ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் ரப்பர் வளையத்தோடு வெளியே வரும். அதன் நுனித் துளையை வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஒளி தெரிய வேண்டும். பாதி நேரம் தெரியாது. கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து, ஒயரில் இருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் மெதுவாகத் தள்ளினால் போதும். ஊசி, இரும்புக் கம்பி கூடவே கூடாது. துளை ஒரு நூல் பெரிதானாலும் பெட்ரோல் கணக்கு தப்பிவிடும். கிளீனர் அடிக்கும் முன் ரப்பர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள், உப்பிப்போகும்.

புதுசுக்கும் இடம் உண்டு. கிண்ணம் அரித்துக் குழி விழுந்திருந்தாலோ, திராட்டில் தண்டு ஆடினாலோ எவ்வளவு கழுவினாலும் வீண். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் மலிவுச் சரக்கில் சோக் லிவர் பக்கம் மாறியிருக்கும், ஜெட் அளவும் ஒத்துவராது. பழையதைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். புல் வெட்டும் பிரஷ் கட்டரின் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையே கிடையாது, டயாஃபிரம் என்ற மெல்லிய சவ்வுதான். அது விறைத்துவிட்டால் கழுவிப் பயனில்லை, கிட் மாற்றுவதே வழி.

சீசன் முடிந்ததும் டேங்க்கை வடித்துவிட்டு, கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள போல்ட்டையும் தளர்த்திவிட்டால் இந்த வேலை பாதி மிச்சம். வடித்த புதுப் பெட்ரோலை பைக்கில் ஊற்றிக்கொள்ளலாம். டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் வடித்ததை மட்டும் வேண்டாம், அதில் ஆயில் கலந்திருக்கிறது.