ஜே.சி. ரோடு அருகே பழைய பிக்அப்புக்கு ஒரு டீசல் பட்டறை

பெங்களூரு கலாசிபாளையத்துக்கும் ஜே.சி. ரோட்டுக்கும் நடுவே உள்ள குறுக்குத் தெருவொன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் டீசல் பட்டறையைப் பற்றியது இந்த மதிப்புரை. காய்கறி ஏற்றும் எங்கள் பழைய பொலேரோ பிக்அப், 2523 சிசி டிஐ எஞ்சின் கொண்டது. சில மாதங்களாகக் காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எஞ்சின் பிடிக்கும். பிடித்துவிட்டால் இரவு நிறுத்தும்வரை ஒரு குறையும் இருக்காது. வேறொரு பட்டறையில், டீசல் பம்பையும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் பிரித்துக் கேலிபிரேஷன் (அளவு சரிசெய்தல்) செய்ய வேண்டும் என்று பெருந்தொகை கேட்டார்கள். ஆடுகோடியில் மைக்கோ (இன்றைய பாஷ்) நிறுவனம் பல்லாண்டுகள் டீசல் பம்ப் தயாரித்த ஊர் என்பதாலோ என்னவோ, எதற்கெடுத்தாலும் பம்பைக் கழற்றும் மேஸ்திரிகள் இங்கே மிகுதி.

இந்தப் பட்டறை மேஸ்திரி வேலூர்ப் பக்கத்துக்காரர். விவரத்தைக் கேட்டதும், “நைட்டு இங்கயே நிக்கட்டும் சார், ஆறின எஞ்சினைத்தான் நான் பாக்கணும்” என்றார். மறுநாள் காலை முதலில் பேட்டரியில் மீட்டர் வைத்தார். 12.6 வோல்ட் காட்டியது. செல்ஃப் அடிக்கும்போதும் 10க்குக் கீழே இறங்காததால், பேட்டரியிலும் செல்ஃப் மோட்டாரிலும் குறையில்லை என்பது உறுதியாயிற்று. பிறகு ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டிச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். டீசலோடு காற்றுக் குமிழிகளும் ஓடின. ஃபில்டர் தலையில் உள்ள காப்பர் வாஷர் நைந்து காற்றை உள்ளே விட, குழாயில் நின்ற டீசல் இரவோடு இரவாகத் தாழ்வாக இருக்கும் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. காலையில் அந்த வெறுங்குழாய் நிரம்பிய பிறகே நாசிலுக்கு டீசல் போகிறது. அது பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால், வண்டி ஓடும்போது காற்று உள்ளே நுழையுமே தவிர டீசல் வெளியே சொட்டாது. கசிவு கண்ணில் படாததால்தான் பழி பம்பின் மேல் விழுகிறது. வாஷர்களை மாற்றி, ஹேண்ட் பம்ப் அடித்து, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றியதோடு (ஏர் எடுத்ததோடு) வேலை முடிந்தது. செலவில் பெரும்பகுதி கூலிதான். அந்தக் கூலி முழுக்க நியாயமானது.

பின்பக்க ஸ்பிரிங் பட்டை வேலை அந்த அளவுக்கு நிறைவு தரவில்லை. அதை வெளியே அனுப்பிச் செய்கிறார். பட்டையைப் பிடித்திருக்கும் புதிய யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும் என்பதைக்கூட நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார். ரசீதும் அப்படியே. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டியிருப்பதால், பெயின்ட், ரிஃப்ளெக்டர் வேலைகளையும் ஒரே இடத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டறை ஏற்றதன்று.

இரவு நிறுத்தினால் மறுநாள் வாடகை போகும் என்பதால், மார்க்கெட் விடுமுறைக்கு முந்தைய நாள் இரவு வண்டியைக் கொண்டு விடுவது நல்லது. பகலில் அந்தத் தெருவில் பிக்அப்பைத் திருப்பவே இடம் கிடைக்காது.